ஜூலு பேசும் நாக்கு தமிழில் ஏன் தடுமாறுகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த் பகுதியில் வசிக்கும் 43 வயது வாசகி ஒருவர் எழுதியுள்ள கடிதத்தின் சுருக்கம்:

“நான் அரசு மருத்துவமனை ஒன்றில் செவிலியராக வேலை செய்கிறேன். என் ஆயா வீட்டில் தமிழ்தான் பேசுவார். அம்மாவுக்கு அது புரியும், ஆனால் பதில் ஆங்கிலத்தில்தான் வரும். எனக்கோ, ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும்போது ஆயா பேசிய சில சொற்கள் மட்டுமே காதில் நிற்கின்றன. நான்கு ஆண்டுகளாகக் கோயில் மண்டபத்தில் நடக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறேன். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குகிறேன். இந்தக் கடிதத்தையும் நானே எழுதி, ஆசிரியையிடம் காட்டித் திருத்திக்கொண்டேன். ஆனால் பேச வாயைத் திறந்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறது. சென்ற ஆண்டு விழாவில் ‘தமிழின் தொன்மை’ என்று ஐந்து நிமிடம் பேச மேடை ஏறினேன். ஆசிரியை எழுதித் தந்த உரையைப் பலமுறை படித்திருந்தும், மூன்றாவது வாக்கியத்தில் எல்லாம் போய்விட்டது. மிச்சத்தை ஆங்கிலத்தில் சொல்லி இறங்கினேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா சிரித்தார். இந்த ஆண்டும் பேசச் சொல்கிறார்கள். விழாவுக்கு ஆறு வாரம் இருக்கிறது. நோயாளிகளோடு இங்குள்ள ஆப்பிரிக்க மொழியான ஜூலுவில் பேசும்போது எனக்கு இந்தத் தொல்லை இல்லை. எனக்கு மொழி அறிவே இல்லையா? பயம் முழுதும் போன பிறகு மேடை ஏறலாம் என்று நினைக்கிறேன். உடன் வேலை செய்யும் ஒருவர் அன்றைக்குப் புரொப்ரனலால் மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்கிறார். என்ன செய்யலாம்?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களுக்கு மொழி அறிவு இல்லையா என்ற கேள்விக்கு விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நோயாளிகளோடு ஜூலுவில் பேசும்போது தொல்லை இல்லை என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நீங்கள் அடுத்த செய்திக்குப் போய்விட்டீர்கள்; நான் அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஜூலு எளிய மொழி அன்று. அதில் பெயர்ச்சொற்கள் பல வகுப்புகளாகப் பிரிந்திருக்கின்றன, வகுப்புக்கு ஏற்ப வினையின் முன்னொட்டும் மாறுகிறது. நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் நம் தமிழில் இல்லவே இல்லை. அந்த மொழியில் வலி எங்கே இருக்கிறது, எப்போது தொடங்கியது என்று கேட்டு, சொன்ன பதிலைப் புரிந்துகொண்டு, அதன்படி ஒரு மனிதரைக் கவனித்துக்கொள்ளும் உங்களுக்கு மொழி வராது என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அந்த ஜூலு உங்களுக்கு எப்படி வந்தது என்று எண்ணிப் பாருங்கள். டர்பன் மருத்துவமனைகளில் வேலை செய்யும் நம்மவர்கள் பலர் இதை எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்: வார்டில் நின்றபடியே தப்பும் தவறுமாகப் பேசுவார்கள், படுத்திருக்கும் ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே திருத்துவார், அந்தத் திருத்தத்தை அடுத்த கட்டிலில் போய்ச் சொல்லிப் பார்ப்பார்கள். அங்கேயும் சிரிப்பு உண்டு. ஆனால் அந்தச் சிரிப்பு உங்களைச் சுடவில்லை, ஏனென்றால் ஜூலுவில் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் நீங்களாக விரும்பிக் கொடுத்த மரியாதை. குறைவாகக் கொடுத்தாலும் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். தமிழில் பேசும்போதோ பழைய கடனைத் திருப்பிக் கட்டுவது போன்ற நிலைக்கு வந்துவிடுகிறீர்கள். ஒரு சொல் தவறினால், ‘இதுகூடத் தெரியாதா, நீயும் தமிழ்ப் பிள்ளைதானே’ என்று உள்ளே ஒரு குரல் அதட்டுகிறது. இரண்டு மொழிகளிலும் நீங்கள் செய்யும் பிழை ஏறத்தாழ ஒரே அளவாகத்தான் இருக்கும். தமிழில் மட்டும் அது குற்றமாகிவிடுகிறது.

இந்தக் கடன் உணர்வைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னிடம் ஆலோசனைக்கு வரும் நம் சமூகத்தவர் பலரிடம் இதைக் காண்கிறேன். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது முதல் 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக, டர்பன் அடங்கிய நேட்டால் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாக வந்தவர்கள். கரும்புத் தோட்டத்து வரிசை வீடுகளில் எழுதப் படிக்க வாய்ப்பில்லாமல் இருந்தும், அவர்கள் மூன்று நான்கு தலைமுறைகள் வரை தமிழை வாய்வழியாகக் காப்பாற்றினார்கள். பிறகு பள்ளியும் வேலையும் ஆங்கிலத்துக்கு மாறின. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1960-களில் குடும்பங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து சாட்ஸ்வர்த்தின் சிறு வீடுகளில் குடிவைத்தபோது, ஆயாவும் தாத்தாவும் பேரப்பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த கூட்டுக் குடும்பங்கள் பல சிதறின. ஆங்கிலம் பேசும் பிள்ளைதான் பிழைத்துக்கொள்ளும் என்று வீட்டுப் பெரியவர்களே நம்பிய காலம் அது. உங்கள் அம்மா ஆங்கிலத்தில் பதில் சொன்னதற்கு அவருடைய அலட்சியம் காரணம் இல்லை, உங்களுக்குத் தமிழ் வராததற்கு உங்கள் அலட்சியமும் காரணம் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு மேலான ஒரு கணக்கை ஐந்து நிமிட மேடைப் பேச்சில் நீங்கள் தனியாக நின்று தீர்க்கப் பார்த்திருக்கிறீர்கள். அவ்வளவு பாரத்தை ஏற்றினால் யார் தொண்டையும் அடைக்கத்தான் செய்யும்.

அடைப்பு எப்படி நேர்கிறது என்பதை உங்கள் தொழில் முறையிலேயே சொல்லலாம். பேசும்போது தேவைப்படும் சொற்களையும் வாக்கிய அமைப்பையும் சில நொடிகளுக்கு ஏந்திக்கொள்ளும் ஒரு சிறிய இடம் மனத்தில் இருக்கிறது. அதைச் செயல்படு நினைவு என்கிறோம். ஆலன் பேட்லி, கிரஹாம் ஹிட்ச் என்ற பிரித்தானிய உளவியலாளர் இருவர் 1974-இல் அதன் அமைப்பை விளக்கினார்கள். அந்த இடம் மருந்துத் தள்ளுவண்டியின் மேல்தட்டுப் போலக் குறுகலானது. பழகிய மொழியில் பேசுபவருக்கு அதில் பாதிகூட வேண்டியதில்லை. கற்றுக்கொண்டிருக்கும் மொழியிலோ, சொல்லைத் தேடுவதும், வேற்றுமை உருபைப் பொருத்துவதும், தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால் தொடக்கத்தில் சொன்ன எழுவாயை அதுவரை கைவிடாமல் பிடித்திருப்பதும் எல்லாமே அந்தத் தட்டில்தான் நடக்க வேண்டும். சென்ற ஆண்டு நீங்கள் அதன்மேல் இன்னும் இரண்டு வேலைகளை வைத்தீர்கள்: உங்கள் குரல் எப்படி ஒலிக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள், பெரியம்மாவின் முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தட்டு நிரம்பியதும் முதலில் கீழே விழுந்தவை சொற்கள். விழா முடிந்து காரில் உட்கார்ந்ததும் அந்தச் சொற்கள் வரிசையாகத் திரும்பி வந்திருக்கும் என்று நினைக்கிறேன். மறந்துபோனவை அப்படித் திரும்பி வருவதில்லை.

இது உங்களுக்கு மட்டும் நேர்வதும் அன்று. 1986-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் எலேன் ஹார்விட்ஸும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் மொழி வகுப்பில் ஏற்படும் அச்சத்தை அளக்க 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். வேறு எந்தப் பாடத்திலும் அஞ்சாத, மற்ற இடங்களில் துணிவாகப் பேசும் மாணவர்கள் புதிய மொழியில் மட்டும் உறைந்துபோவதைக் கண்டு, அதைத் தனி வகை அச்சமாகவே அவர்கள் பிரித்துக் காட்டினார்கள். அவசரப் பிரிவில் கை நடுங்காத நீங்கள் கோயில் மண்டபத்தில் நடுங்கியதில் முரண்பாடு ஏதும் இல்லை.

பயம் முழுதும் போன பிறகு மேடை ஏறலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் நான் உறுதியாக மறுக்கும் இடம் இது ஒன்றுதான், ஏனென்றால் அந்த நாள் வராது. நினைக்கக்கூடாது என்று விலக்கும் எண்ணம் விலகாமல் வந்து நிற்பதை உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் எளிய சோதனை ஒன்றில் காட்டினார். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கு அந்தக் கரடிதான் மீண்டும் மீண்டும் நினைவில் எழுந்தது. பயம் போய்விட்டதா என்று சோதித்துக்கொண்டே இருப்பவரும் அதையேதான் செய்கிறார், ஒவ்வொரு சோதனையும் பயத்தை மறுபடி அழைத்து வருகிறது. வார்டில் ஒரு நோயாளிக்கு மூச்சு நின்றதும் உங்கள் நெஞ்சு படபடக்கும். படபடப்பு அடங்கட்டும் என்று நீங்கள் காத்திருப்பதில்லை, அதோடுதான் ஓடுகிறீர்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பாடுவதற்கும் பேசுவதற்கும் முன் ‘நான் அமைதியாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘நான் ஆர்வமாக இருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். துடிக்கும் நெஞ்சை அமைதியாக இருப்பதாக நம்பவைப்பது கடினம். அந்தத் துடிப்புக்கு வேறு பெயர் கொடுப்பது அவ்வளவு கடினம் இல்லை. ஆகவே மேடைக்கு முன் ‘நெஞ்சு அடித்துக்கொள்கிறது, பேசுவதற்கு உடம்பு தயாராகிறது’ என்று தமிழிலேயே ஒருமுறை சொல்லிக்கொள்ளுங்கள்.

இனிப் பயிற்சிக்கு வருகிறேன். உரையைப் பலமுறை படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததாக எங்கும் எழுதவில்லை. உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உங்களுக்குப் பயன்படும். மாணவர்களில் ஒரு சாரார் ஒரு பத்தியை இரண்டாம் முறையும் படித்தார்கள், மற்றொரு சாரார் ஒருமுறை படித்த பின் தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்கள் 81 விழுக்காடும் எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காடும் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழிந்ததும் நிலைமை தலைகீழானது: மீண்டும் படித்தவர்களிடம் 42, எழுதிப் பார்த்தவர்களிடம் 56. மறுபடி மறுபடி படிக்கும்போது எழுத்துகள் கண்ணுக்குப் பழகிவிடுகின்றன. அந்தப் பழக்கத்தை நாம் கற்றுவிட்டதாக எடுத்துக்கொள்கிறோம். எழுத்துத் தேர்வில் நீங்கள் வெல்வதற்கும் பேச்சில் தடுமாறுவதற்கும் இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. நான்கு ஆண்டுகளாக உங்கள் கையும் கண்ணும் தமிழ் கற்றிருக்கின்றன, வாய் இன்னும் வகுப்பில் சேரவில்லை.

அதோடு, சென்ற ஆண்டு உங்களுக்குக் கொடுத்த உரை ஏட்டுத் தமிழ். உங்கள் காதில் இருப்பதோ ஆயாவின் வீட்டுத் தமிழ். நம் மொழியில் இந்த இரண்டுக்கும் இடையே இருக்கும் தூரம் பெரிது; தமிழ்நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூட மேடையில் ஏட்டுத் தமிழ் பேசத் தனியாகப் பழக வேண்டியிருக்கிறது. எந்த நாளிலும் யாரோடும் பேசிப் பழகாத ஒரு நடையில், உங்கள் வாழ்க்கையோடு ஒட்டாத ‘தொன்மை’ என்ற பொருளைப் பற்றி, இன்னொருவர் எழுதிய வாக்கியங்களைச் சொல்ல முயன்றிருக்கிறீர்கள். ஒரு வாக்கியம் நழுவியதும் பிடித்துக்கொள்ள அடுத்த கிளை எதுவும் அங்கே இல்லை. ஆசிரியையிடம் பணிவாகச் சொல்லி, இந்த ஆண்டு பொருளை மாற்றிக்கொள்ளுங்கள். ஆயா கூழ் காய்ச்சிய ஆடி மாதத்தைப் பற்றிப் பேசுங்கள். பானை எங்கே வைத்தார், யாரை எதற்கு அதட்டினார், முதல் அகப்பை யாருக்குப் போனது என்பவையெல்லாம் உங்கள் கண்முன் நடந்தவை. சொல் நழுவினாலும் காட்சி நழுவாது, காட்சி இருந்தால் வேறு சொல் கிடைக்கும்.

முழு உரையையும் எழுத வேண்டாம். ஐந்து சொற்களை மட்டும் ஒரு சிறு அட்டையில் எழுதிக்கொண்டு, முதல் இரண்டு வாரம் தனியாக, நடந்துகொண்டே, அட்டையைப் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் வாக்கியங்கள் மாறும். மாறட்டும், அப்படி மாறுவதால்தான் ஒன்று தவறினால் மற்றொன்று கைகொடுக்கும். மூன்றாம் வாரத்தில் உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் நீங்கள் தமிழிலேயே தொடருங்கள். பிறகு வகுப்பில் உங்களுக்கு நெருக்கமான இரண்டு மூன்று பேர் முன்னால் சொல்லுங்கள். நான்காம் வாரத்திலிருந்து வெற்று மண்டபத்திலாவது, விழாவுக்கு உடுத்தப்போகும் அதே புடவையில், ஒலிவாங்கியைக் கையில் பிடித்துப் பழகுங்கள். பார்ப்பவர்கள் இருக்கும்போது நன்கு பழகிய செயல் மேலும் சிறக்கும், அரைகுறையாகப் பழகியது மேலும் கெடும் என்பது 1965 முதல் உளவியலில் பேசப்பட்டு வரும் செய்தி. மண்டபம் நிறைந்திருக்கும் நாளில் முதல்முறையாக வாய் திறப்பது ஏன் தவறு என்பது இதிலிருந்தே புரியும்.

இன்னொரு பயிற்சி உங்களுக்கு விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் நான் மிகவும் நம்புவது அதைத்தான். ஒவ்வொரு ஒத்திகையிலும் வேண்டுமென்றே ஒரு பிழை செய்யுங்கள். ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்காமல், அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள். பிழைக்குப் பிறகும் பேச்சு நடக்கிறது என்பதை அறிவு ஏற்றுக்கொள்வதால் பயனில்லை, உடம்பு அதை நேரில் பலமுறை கண்டாக வேண்டும். சொல் வராத நேரத்துக்கென்று இரண்டு வாக்கியங்களையும் முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள்: ‘அந்தச் சொல் இப்போது வரவில்லை, பிறகு சொல்கிறேன்’ என்பது ஒன்று, ‘இதற்கு நம் வீட்டில் என்ன சொல்வார்கள்?’ என்று அவையைப் பார்த்தே கேட்பது மற்றொன்று. வார்டில் ஜூலுச் சொல் வராதபோது நோயாளியிடம் நீங்கள் கூச்சமில்லாமல் கேட்பதும் இதுதானே.

இந்த நாட்டிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1910-இல் ஜொகன்னஸ்பர்க் அருகே தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில், தென்னாப்பிரிக்காவில் பிறந்து எழுத்தறியாமல் இருந்த தமிழ்ச் சிறுவர்களுக்குத் தமிழ் எழுத்துகளைக் கற்பித்தவர் காந்தி. கப்பல் பயணங்களிலும் சிறையிலும் கற்ற அவருடைய தமிழ் மிகக் குறைவானது. பேச்சில் மாணவர்களே அவரை வென்றுவிடுவார்கள், ஆங்கிலம் அறியாத தமிழர்கள் வந்தால் அந்தச் சிறுவர்கள்தான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர்கள். தம் அறியாமையை மாணவர்களிடம் ஒருபோதும் மறைக்க முயலாததால்தான் அந்த வேலை மகிழ்ச்சியாக நடந்தது என்று அவரே பின்னர் எழுதினார். எனக்கு இதில் பிடித்தது அவருடைய பணிவைவிட அதன் நடைமுறைப் பயன்: மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது மனத்தின் அந்தக் குறுகிய தட்டு முழுவதும் வேலைக்குக் கிடைக்கிறது. பேச்சைத் தொடங்கும்போதே, ‘நான் தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறேன், இது என் நான்காவது ஆண்டு’ என்று நிமிர்ந்து சொல்லிவிடுங்கள்.

மாத்திரையைப் பற்றி: நான் மருந்து எழுதித் தரும் மருத்துவர் அல்லேன். புரொப்ரனலால் நெஞ்சுத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் குறைக்கும், நழுவிய சொல்லைக் கொண்டுவந்து தராது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்தானது என்பது செவிலியரான உங்களுக்கே தெரியும். உடன் வேலை செய்பவர் கையிலிருந்து வாங்கிப் போட்டுக்கொள்ள வேண்டாம். இந்தப் படபடப்பு தமிழ் பேசாத இடங்களிலும் வந்தால், தூக்கத்தைக் கெடுத்தால், அல்லது வேலைக்குப் போவதையே தவிர்க்கத் தோன்றினால், தயங்காமல் மருத்துவரைப் பாருங்கள். அப்படி ஏதும் இருப்பதாக உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக அந்தப் பெரியம்மா. அவர் ஏன் சிரித்தார் என்று நீங்கள் அவரைக் கேட்டதில்லை, ஓர் ஆண்டாக அந்தச் சிரிப்புக்கு நீங்களே பொருள் எழுதிக்கொண்டு வருகிறீர்கள். வார்டில் உங்கள் ஜூலுவைத் திருத்தும் பாட்டியும் சிரிக்கத்தான் செய்கிறார். ஐந்தாம் வாரத்தில் ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போய், ஆயா கூழ் காய்ச்சிய கதையைச் சொல்லப் போவதாகக் கூறி, உங்களுக்கு நினைவில்லாத சொற்களை அவரிடம் கேளுங்கள்: அடுப்புக்கு என்ன பெயர், கூழோடு என்ன வைத்துப் படைப்பார்கள், அம்மனை என்ன சொல்லி அழைப்பார்கள். அவருக்கும் அந்தச் சொற்களைக் கேட்பவர்கள் இப்போது அதிகம் இருக்க மாட்டார்கள். அவர் சொல்வதில் இரண்டு சொற்களை உங்கள் அட்டையில் எழுதிக்கொண்டு வந்து, விழா நாளில் அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் உளவியல் ஆலோசகர்